படத்துக்காக இழுத்த புகை

மயக்க மருந்து டாக்டரம்மா கேட்டதெல்லாம் சாதாரணக் கேள்விகள்தான். ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோரிடமும் கேட்பதுதான். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, ஏதாவது மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, ஆடுகிற பல் இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். "சிகரெட் பழக்கம்?" என்று டாக்டரம்மா தலையைத் தூக்காமலே கேட்டபோது மட்டும் அவளுக்கு வாய் அடைத்துப்போயிற்று.

அந்த இடைவெளி போதாதா? பக்கத்து நாற்காலியிலிருந்த கணவர் புகுந்துவிட்டார். பஸ் ஓட்டுகிறவர். இடம் கிடைத்தால் நுழைந்துவிடுவது அவருக்குக் கைவந்த கலை.

"இவளா? நல்லாக் கேட்டீங்க டாக்டர்! நான்தான் ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் ஊதிட்டிருந்தவன். வீட்டுக்குள்ள விடல, பக்கத்துல உக்கார விடல, பேச்சே கிடையாதுன்னுட்டா. தாங்க முடியாம விட்டுத் தொலைச்சேன். இன்னைக்கு நான் மூச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்னா இவ புண்ணியம்."

டாக்டரம்மா சிரித்தார். "அப்ப கவலை இல்ல. பிடிக்கிறவங்கதான் முன்னாடியே சொல்லணும். மறைச்சிட்டுப் படுத்தா மயக்கத்துல சளி கட்டி மூச்சு முட்டும், எங்க பாடு திண்டாட்டம் ஆயிடும். பித்தப்பைக் கல்லுதானே, சின்ன ஆபரேஷன். தைரியமா வாங்க."

அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்தாள். கணவர் அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். படி இறங்கும்வரை அந்த 'மூச்சு முட்டும்' அவள் காதிலேயே நின்றது.

இவளைப் பொய்க்காரி என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்டிவிட வேண்டாம். தான் சிகரெட் பிடிக்கிறவளா இல்லையா என்பது அந்த நாற்காலியில் உட்காரும்வரை அவளுக்கே தெரியாது. கேட்டால் சிரிப்பு வரும். அவள் பார்க்கிற வேலையைச் சொன்னால் சிரிப்பு கொஞ்சம் குறையும்.

சினிமாவில் அவளுக்கு ப்ராப்பர்ட்டி பொறுப்பு. நடிகர்கள் கையில் எடுக்கிற சாமான் எல்லாம் அவள் பெட்டியிலிருந்துதான் வரும். பேனா, மூக்குக்கண்ணாடி, துப்பாக்கி, உடைக்க வேண்டிய கிளாஸ், உடையவே கூடாத கிளாஸ். எல்லாவற்றையும் துணி சுற்றி அடுக்கி வேனில் ஏற்றி இறக்குவாள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். படப்பிடிப்பில் யாருக்கு நெருப்பு வேண்டுமானாலும் அவளிடம்தான் வருவார்கள். அதனால் லைட்மேன் முதல் டைரக்டர் வரை எல்லோருக்கும் அவள் தீப்பெட்டி அக்கா. அவளுக்கு அப்பா வயதிருக்கும் வில்லன் நடிகர்கூட வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளும் விட்டுவிட்டாள்.

ஹீரோ மேசை முன்னால் உட்கார்ந்து சிகரெட் பிடித்தபடி பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிறவர்களுக்கு அது சில நிமிஷம். எடுக்கிறவர்களுக்கோ நாள்கணக்கு. முதலில் கடைசி வசனத்தை எடுப்பார்கள். பிறகு நடுவிலிருந்து கொஞ்சம், பிறகு எதிரே இருப்பவரின் முகம், சாப்பாட்டுக்கு அப்புறம் ஹீரோவின் கை மட்டும். "உன்னைப் போய் நம்பினேனே" என்கிறபோது சிகரெட் பாதி இருந்தது என்றால், அந்த வசனத்தை எந்தப் பக்கம் கேமரா வைத்து எத்தனை தரம் எடுத்தாலும் பாதிதான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிகரெட் குறைந்து, வளர்ந்து, மறுபடியும் குறையும். தியேட்டரில் சிரித்தே மானத்தை வாங்கிவிடுவார்கள். ஆக, ஒவ்வொரு ஷாட்டுக்கும் வேண்டிய நீளத்துக்கு யாராவது அதை எரித்துத் தயாராக வைத்திருக்க வேண்டும். அந்த யாராவது தீப்பெட்டி அக்காதான்.

கத்தரியால் வெட்டிப் பற்றவைத்தால் என்ன என்று கேட்கலாம். வெட்டின சிகரெட்டில் ஃபில்டர் பஞ்சு வெள்ளைவெளேரென்று இருக்கும். குளோசப்பில் காட்டிக்கொடுத்துவிடும். சாம்பலும் ஒழுங்காக நிற்காது. வாயில் வைத்து இழுத்தால்தான் சரியாக வரும் என்பது அந்தத் தொழிலில் யாரும் கேள்வி கேட்காத சங்கதி. அவளுக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்தார். அதைப் பிடிப்பது என்று யாரும் சொல்வதில்லை. "அக்கா, ரெண்டு பாதி இறக்கிக் குடுங்க", "அக்கா, ஒரு முக்கால்" என்பார்கள். அவளும் வேன் படியில் உட்கார்ந்து இறக்கிக் கொடுப்பாள். சமையல்காரர் உப்புப் பார்ப்பதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பாரா என்ன? அப்படித்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆரம்பத்தில் அதெல்லாம் மூலிகை சிகரெட். சருகு எரிகிற நாற்றம் அடிக்கும், தொண்டை கமறும், இழுத்து முடித்ததும் காறித் துப்பிவிட்டு வேறு வேலை பார்ப்பாள். வீட்டுக்குப் போனால் நினைப்பே வராது. பிறகுதான் சிகரெட் கம்பெனிக்காரர் வந்து சேர்ந்தார்.

மடிப்புக் கலையாத சட்டை போட்டு, யாரைக் கண்டாலும் பல்லைக் காட்டுகிற மனிதர். சிகரெட்டுக்கு விளம்பரம் செய்யச் சட்டம் விடாது. ஆனால் ஹீரோ பேசுகிறபோது மேசையில் ஒரு பாக்கெட் கிடந்தால் அதைப் போய் விளம்பரம் என்று யார் சொல்ல முடியும்? மேசை என்று ஒன்று இருந்தால் அதன்மேல் ஏதாவது கிடக்கத்தானே செய்யும்? இப்படிப் பேசித்தான் அவர் தயாரிப்பாளரை வளைத்துப்போட்டார். அவர்களுக்குள் என்ன கைமாறியது என்பது அவர்களுக்கே வெளிச்சம். அக்காவிடம் வந்து இறங்கியது அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாகச் சிகரெட்.

"பாக்கெட்டோட முகம் எப்பவும் கேமராவைப் பாக்கணும்க்கா. ஹீரோவோட கட்டை விரல் பேரை மறைச்சிடக் கூடாது. அப்புறம் அந்த மூலிகை வேண்டாம், புகை மெலிசா இருக்கு. எங்க சரக்கையே பிடிக்கட்டும். மிச்சம் ஆனா திருப்பித் தர வேண்டாம், நீங்களே வெச்சுக்குங்க" என்றார்.

ஹீரோ என்னவோ நிஜத்தில் அந்த வாடையே ஆகாதவர். உடம்பைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறவர். புகையை வாயோடு வாங்கி வாயோடு விட்டுவிட்டு, கட் என்றதும் ஓடிப்போய் வாய் கொப்பளிப்பார். அவர் கைக்கு வருவதற்குள் அதில் பாதியோ முக்காலோ அக்காவின் நெஞ்சுக்குள் போயிருக்கும். திரையில் அவர் புகை விடும்போது கீழே எச்சரிக்கை வரி ஒன்று ஓடும். வேன் படியில் அந்த மாதிரி எதுவும் ஓடவில்லை. ஒரு படம் முடிந்தது, அடுத்ததுக்கும் அதே கம்பெனி, அதற்கடுத்ததுக்கும் அதே கம்பெனி. கொடுத்தது ஹீரோவுக்கு, பிடித்துக்கொண்டது இவளை.

வீட்டில் இருமினால் செட் தூசி என்பாள். உடுப்பில் வாடை அடித்தால், "அங்க எல்லாரும் ஊதறாங்க, நான் என்ன மூக்கைப் பொத்திக்கிட்டா வேலை பாக்க முடியும்?" என்பாள். பொய் சொல்கிறோம் என்கிற எண்ணமே இல்லாமல் சொல்வாள். கணவரும், "பாவம், கண்டவன் விடற புகையெல்லாம் நீ வாங்கற" என்று வருத்தப்படுவார். மனுஷன் அப்படி அவளை நம்பினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அந்த நம்பிக்கைதான் அவளைப் போட்டு அரித்தது. காய் நறுக்கும்போது நினைவு வரும், கத்தி நின்றுவிடும். துணி மடிக்கும்போது நினைவு வரும், மடித்ததையே பிரித்து மறுபடி மடிப்பாள். தன்னை மேசையில் கிடத்தி முகத்தில் ஏதோ வைத்து அமுக்குவதும், மூச்சு வராமல் தான் கிடப்பதும், டாக்டரம்மா வெளியே ஓடிவந்து கணவரிடம் 'ஏன் சொல்லல?' என்று கேட்பதும் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போயின. செத்துப்போவதைவிட அந்தக் கேள்விக்கு அவர் முழிக்கப்போகும் முழிதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

யாரிடமாவது கேட்டால் தேவலை என்று மேக்கப்காரியிடம் போனாள். அந்த யூனிட்டில் அவளுக்கு மனசுவிட்டுப் பேச இருந்த ஒரே ஆள்.

"ஏம்மா, வேலைக்காக இழுக்கறதெல்லாம் கணக்குல வருமா?"

"யார் கணக்குல?"

"டாக்டர் கணக்குல."

மேக்கப்காரி பவுடர் பஞ்சைத் தட்டுவதை நிறுத்தவில்லை. "இது ஷூட்டிங்னு நுரையீரலுக்கு எப்படிக்கா தெரியும்?"

அக்காவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. மேக்கப்காரி அதைப் பார்த்துவிட்டுப் பஞ்சைக் கீழே வைத்தாள். "சொல்லிடுங்கக்கா. ஒரு போன் போட்டுச் சொன்னா முடிஞ்சுது."

"சொன்னா அவருக்குத் தெரியாமப் போகுமா? ஆஸ்பத்திரியில எதுவா இருந்தாலும் அவர்கிட்டதான் பேசுவாங்க."

"தெரிஞ்சா என்ன, அடிப்பாரா?"

"அடிச்சுட்டாக்கூடப் பரவாயில்ல. மழையில நனைய நனைய அவரை பால்கனியில நிக்க வெச்சவடி நான். பிள்ளைங்க முன்னாடி, 'உங்கப்பனுக்கு நம்மளவிட அந்தக் குச்சி பெருசு'ன்னு சொன்னவ. இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு..."

அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருந்தது. இன்றோடு இழுப்பதை நிறுத்திவிட்டால் டாக்டரம்மாவிடம் சொன்ன 'இல்லை' உண்மையாகிவிடும், யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அப்போதுதான் அந்த மாதிரி மேசைக் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார்கள். முக்காலும் பாதியுமாகச் சிகரெட் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வாயை வைக்காமல் எப்படி இறக்குவது?

மருந்துக் கடைக்குப் போய், காது கழுவுகிற ரப்பர் பந்து ஒன்று கேட்டாள். ஒரு முனையில் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அமுக்கிவிட்டு விட்டால் தண்ணீரை இழுக்குமே, அது. "உங்களுக்கா, குழந்தைக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். "ஹீரோவுக்கு" என்றாள். கடைக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் வேன் படியில் உட்கார்ந்து, பந்தின் மூக்கில் சிகரெட்டைச் செருகி, பற்றவைத்து, அமுக்கி அமுக்கி விட்டாள். முனை கனன்றது. பஞ்சு மெல்ல மெல்லப் பழுத்தது. சாம்பல் உதிராமல் நின்றது. உதவி டைரக்டர் அதை வாங்கி முந்தின நாள் போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சூப்பர்க்கா, அச்சு அசல்!" என்றான். லைட்மேன்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். "அக்கா அசிஸ்டென்ட் வெச்சுட்டாங்கடா, சம்பளம் கேட்காத அசிஸ்டென்ட்" என்று கேலி செய்தார்கள். அவளுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை எடுத்துப்போட்ட மாதிரி இருந்தது. இத்தனை காலம் ஒருத்தருக்குக்கூட இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். காலை முழுக்கப் பந்துதான் இழுத்தது. அவள் ஒரு தரம்கூட வாய் வைக்கவில்லை.

மதியத்துக்கு மேல்தான் ஆரம்பித்தது. கிளாஸ் துடைக்க எடுத்தாள், கை நிலைகொள்ளவில்லை. டீ ஒரு வாய் குடித்தாள், பிடிக்காமல் கீழே ஊற்றினாள். ஒன்றுமில்லாததற்கு லைட்மேன் ஒருத்தனைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தாள். அவன், "அக்காவுக்கு என்னாச்சு?" என்று மற்றவர்களைப் பார்த்து முழித்தான். மேசையில் பாக்கெட்டை வைத்துவிட்டு வந்தவளைக் கம்பெனிக்காரர் கூப்பிட்டார்.

"அக்கா, முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கே."

திரும்பித்தான் இருந்தது. இத்தனை படத்தில் ஒரு நாளும் அவள் அப்படி வைத்ததில்லை. அதைச் சரிசெய்யக் குனிந்தபோது, பாக்கெட்டுக்குள்ளிருந்து வந்த வாடைக்கு அவள் வாயில் எச்சில் ஊறியது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று நிமிர்ந்து பார்த்தாள். ஹீரோ வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

லைட்டை இடம் மாற்றுவதற்காக இடைவேளை விட்டார்கள். ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் போனாள். எதற்குப் போகிறோம் என்று தன்னைக் கேட்டுக்கொள்ளாமலே போனாள். ஷாட்டுக்கு வேண்டியிருக்கும் என்று பையில் வைத்திருந்த பாக்கெட்டைப் பிரித்து, ஒன்றை எடுத்து, பற்றவைத்து இழுத்தாள்.

முதல் இழுப்பிலேயே கை நடுக்கம் நின்றுவிட்டது. அப்போதுதான் அவளுக்குக் கதிகலங்கியது. பந்து அங்கே பெட்டியில் கிடக்கிறது. முக்காலும் பாதியும் தட்டில் தயாராக இருக்கின்றன. யாரும் எதையும் கேட்கவில்லை. இந்தச் சிகரெட் எந்த ஷாட்டுக்கு? எந்த ஷாட்டுக்கும் இல்லை. அந்த உண்மை சுடச்சுட உறைத்தது, அப்படியும் அவளால் அதைக் கீழே போட முடியவில்லை. அழுதுகொண்டே பஞ்சுவரை இழுத்து முடித்தாள். தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்தது. டைரக்டர் மைக்கில் அக்கா, அக்கா என்று கூப்பிடுவது கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

அதற்குப் பிறகு ஆபரேஷன்வரை இருந்த நாட்களில் அவள் நிறுத்திப் பார்க்காத வேளை இல்லை. காலையில் சத்தியம் செய்வாள், சாயங்காலத்துக்குள் அது காற்றில் போகும். ஏலக்காய் மென்றாள், கிராம்பு மென்றாள், நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் கடைசியாக ஒரு தடவை பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். "நீங்க டூட்டிக்குப் போங்க, நானே போயிட்டு வரேன்" என்று கணவரிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தனியாகப் போனால் வாயைத் திறந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. அவர் கேட்டால்தானே? "லீவு சொல்லியாச்சு. உன்னைத் தனியா அனுப்பிட்டு நான் அங்க எப்படி ஸ்டியரிங் பிடிக்கறது?" என்று முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா காதில் மாட்டிய குழாயை அவள் முதுகில் வைத்தார். "நல்லா இழுத்து விடுங்க" என்றார். இழுத்தாள், இருமல் பிடித்துக்கொண்டது. குழாய் இடம் மாறிற்று. இன்னொரு தரம் இழுக்கச் சொன்னார். இந்தத் தடவை டாக்டரம்மாவின் நெற்றி சுருங்கியது.

"உள்ள ஒரு விசில் கேக்குதே. ஆஸ்துமா உண்டா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர்" என்று கணவர் ஆரம்பித்தார். "அவ வேலை பாக்கற இடத்துல எல்லாரும் ஊதித் தள்ளறாங்க, அந்தப் புகைதான்..."

"நான் பிடிப்பேன்" என்றாள்.

குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. கணவர் பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் முடிக்க முடியாது என்று தெரியும். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "படத்துக்காகத்தான் பிடிக்க ஆரம்பிச்சேன். இப்ப படம் இல்லாமலும் பிடிக்கறேன். நேத்துகூடப் பிடிச்சேன். போன தடவை சொல்லல. தப்புதான்."

டாக்டரம்மா திட்டவில்லை. எத்தனை, எவ்வளவு காலமாக என்று விசாரித்தார். அவள் சொல்லச் சொல்ல, பக்கத்து நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது, அவ்வளவுதான். "இப்பவாவது சொன்னீங்களே. நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம். சில வாரம் ஒண்ணுகூடத் தொடாம இருந்துட்டு வாங்க, நெஞ்சு தெளியட்டும். நடுவுல வலி வந்தா உடனே ஓடி வரணும்" என்றார். பிழைத்தோம் என்று அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பக்கத்திலிருந்தவர் அவளைப் பார்க்காமலே எழுந்து வெளியே நடந்தார்.

வராந்தாவில் இருந்த பெஞ்சில் கணவர் போய் உட்கார்ந்தார். அவள் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தாள். கத்துவார், நடுரோட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார், பழைய கதையெல்லாம் எடுத்துக் குத்திக்காட்டுவார் என்று எல்லாவற்றுக்கும் மனசைத் தயார்செய்து வைத்திருந்தாள்.

"பையில இருக்கா?" என்றார்.

அவள் தயங்கினாள். "இருக்கு."

"குடு."

பெஞ்சுக்குப் பக்கத்தில் குப்பைத் தொட்டி இருந்தது. கசக்கி எறியத்தான் கேட்கிறார் என்று எடுத்துக் கொடுத்தாள். அவர் எறியவில்லை. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியைத் திறந்தார். அப்படியே மூக்குக்குக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய மோந்து பார்த்தார்.

அவர் முகத்தில் கோபம் என்று ஒன்றுமே இல்லை. ரொம்ப நாள் பட்டினி கிடந்தவருடைய முகமாக இருந்தது. விட்டுத் தொலைத்தேன், விட்டுத் தொலைத்தேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவர் எதையுமே தொலைக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய கட்டை விரல் தன்பாட்டுக்கு ஒரு சிகரெட்டை வெளியே தள்ளியது. ஐயோ, நானே கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டேனே என்று அவள் மனசு அலறியது. ஆபரேஷன் மேசை, மூச்சு முட்டல், எதுவும் அப்போது அவளுக்கு நினைவில் இல்லை.

"என்னங்க, வேண்டாங்க. தூக்கிப் போட்டுடுங்க."

"நீயே பிடுங்கிப் போடு" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "எனக்குக் கை வரமாட்டேங்குது."

அவள் நகர்ந்து உட்கார்ந்து பாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.